நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற வாத்தியம் செய்யப் போய், ஒருத்தன் வாசிக்க மற்றவர்கள் கைதட்டுகிற வாத்தியமாகிவிட்டது. எங்கே தப்பு?

செம்புத்தகடு (கோவை) கேட்டது:

வணக்கம் மக்களே. சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் சால்டரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன், அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக்கணக்கு. சங்கீதத்தில் வெறும் கேள்வி ஞானம்தான், தப்பாக ஏதாவது சொன்னால் திருத்துங்கள்.

எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே நீளமாக ஒரு திண்ணை உண்டு. சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். "பிள்ளைங்க ஒண்ணா சேர்ந்து எதையாவது செய்யற மாதிரி ஏதாவது பண்ணித் தர முடியுமா தம்பி" என்று நூலகர் அம்மா கேட்டார். வாத்தியம் செய்யலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

செய்தது இது: ஐந்தடிப் பலகை, அதில் வரிசையாகப் பன்னிரண்டு செம்புத் தகடு. கீழே எம்பிஆர்121 தொடுஉணர் சிப். அந்தச் சிப்பில் சரியாகப் பன்னிரண்டு தொடுபுள்ளி, ஸ்வரஸ்தானமும் பன்னிரண்டு, கடவுளே ஜோடி சேர்த்த மாதிரி இருந்தது. தகட்டைத் தொட்டால் பியானோ சத்தம் வரும், பலகையின் ஓரத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

முதல் பத்து நிமிடம் அமர்க்களம். அப்புறம் கீபோர்டு வகுப்புக்குப் போகிற ஒரு எட்டாம் வகுப்புப் பையன் வந்தான். நடுவில் நின்றுகொண்டு ஒரு சினிமாப் பாட்டை வாசித்தான், நன்றாகவே வாசித்தான். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒரு சின்னப் பெண் ஓரத்துத் தகட்டில் விரலை வைத்ததும் "ஏய் கெடுக்காத" என்று தட்டிவிட்டான். அவன் போன பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அடித்ததில் வந்தது வெறும் இரைச்சல், நூலகர் அம்மாவே வந்து ஸ்விட்சை அணைத்தார். தினமும் பேப்பர் படிக்க வரும் ஒரு பெரியவர் இரண்டு தடவை கிட்டே வந்தார். இரண்டாவது தடவை கையை நீட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் மனசிலேயே நிற்கிறது.

அடுத்து ஒரு யோசனை வைத்திருக்கிறேன்: நாலு பேர் ஒரே நேரத்தில் தொட்டால்தான் சத்தமே வரும் என்று புரோகிராமில் ஒரு பூட்டுப் போட்டுவிடுவது. அப்போது சேர்ந்துதானே ஆக வேண்டும்? சரியா? கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது, அதற்குள் முடிய வேண்டும்.

பழைய ஆஸிலேட்டர் (சென்னை) எழுதியது:

அந்தப் பூட்டு யோசனையை இப்போதே தலைமுழுகுங்கள். நான் பட்டு அனுபவித்தவன். ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு மேசையின் இரண்டு முனையிலும் கைத்தடம் வரைந்து, இரண்டு பேர் சேர்ந்து கை வைத்தால் மட்டும் பாடும்படி செய்திருந்தேன். மூன்று நாள் நடந்தது என்னவென்றால், ஒருவர் வருவார், ஒரு தடத்தில் கையை வைப்பார், ஒன்றும் கேட்காது, "வேலை செய்யல போல" என்று போய்விடுவார். இரண்டாம் நாள் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டினேன், ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. கடைசியில் நானே பக்கத்தில் நின்று "வாங்க சார், அந்தப் பக்கம் கை வைங்க சார்" என்று புடவைக்கடை வாசலில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தனியாகத் தொட்டவனுக்கும் உடனே ஏதாவது கிடைத்தாக வேண்டும். ஆனால் கிடைப்பது பாதியில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும், மீதியைக் கேட்கக் காது ஏங்க வேண்டும். பூட்டுக்கும் ஏக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது, புளூடூத் ஸ்பீக்கர் வைத்தீர்களே, பாதி வில்லன் அதுதான். காற்றில் சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து வாசித்தால் அவர் சத்தம் வந்துசேர 29 மில்லிசெகண்ட் ஆகும், அந்த அளவுக்கே தாளம் மெல்ல இழுக்க ஆரம்பித்துவிடும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் சர்வசாதாரணம். தனியாக வாசிக்கிறவன் கொஞ்சம் முன்னாடியே தட்டிப் பழகிச் சமாளித்துவிடுவான், உங்கள் கீபோர்டு பையன் அதைத்தான் செய்திருப்பான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டுத் தாளம் பிடிக்க அதில் வாய்ப்பே இல்லை. நீங்கள் அறியாமலே தனி ஆவர்த்தனத்துக்கு ஏற்ற வாத்தியத்தைச் செய்துவிட்டீர்கள்.

மூன்றாவது, எல்லாத் தகட்டுக்கும் ஒரே பியானோ சத்தம், எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து. நான் அடித்தது எது, நீ அடித்தது எது என்று யாருக்குத் தெரியும்? தன் சத்தம் கேட்காதவன் இன்னும் ஓங்கி அடிப்பான். பிள்ளைகளின் இரைச்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான், சேட்டை இல்லை. எலக்ட்ரானிக்ஸ்தான் வேண்டும் என்றால் ஆளுக்கொரு சின்ன ஸ்பீக்கர், அவரவர் இடத்துக்குக் கீழேயே, கம்பி இணைப்பில்.

பன்னிரண்டு ஸ்வரமும் வேண்டாம். மோகன ராகத்தின் ஐந்தே போதும். அரை ஸ்வர இடைவெளி அதில் எங்குமே வராது, எந்த இரண்டைச் சேர்த்து அடித்தாலும் காதைக் குத்தாது. சீனாவிலும் ஸ்காட்லாந்திலும் நாட்டுப்பாடல்களில் இதே ஐந்தைக் கேட்கலாம்.

கடைசியாக வரிசை. ஐந்தடிப் பலகை நீளமாக இருந்தால் நடு இடம் என்று ஒன்று வரும், நடு வந்தால் ராஜா வருவான். பார்சிலோனாவில் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் செர்ஜி ஜோர்தாவும் கூட்டாளிகளும் 2003 வாக்கில் ஆரம்பித்துச் செய்த ரியாக்டேபிள் என்ற மேசை வாத்தியம் வட்டமாக இருந்ததற்கு ஒரு காரணம் இதுதான், வட்டத்தில் தலைமாடு கால்மாடு கிடையாது. 2007இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் மேடையிலேயே அது வந்தது. அவ்வளவு செலவு நமக்கு வேண்டாம், வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல்பலகை (மொன்றியல்) எழுதியது:

செம்புத்தகடு அண்ணா, நான் இருக்கிற ஊரிலேயே நீங்கள் கேட்கிற மாதிரி ஒன்று இருந்தது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2011இல் இங்கே நகர நடுவில் வரிசையாக 21 ஊஞ்சல் போட்டார்கள், பெயரும் "21 ஊஞ்சல்" என்றுதான், பிரெஞ்சில். டெய்லி டூ லே ஷூர் என்ற ஒரு வடிவமைப்புக் குழு செய்தது. ஊஞ்சல் ஒவ்வொன்றும் ஆட ஆட அதற்கென்று ஒரு சுரம் கேட்கும், அவ்வளவுதான் தெரியும். கன பேர் சேர்ந்து ஆடினால் மட்டும் சில மெட்டுகள் வரும், தனிய ஆடினால் அவை வராது. முந்தைய பதிவில் ஒருவர் சொன்ன ஏக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். இதைச் செய்யும்போது விலங்குகளின் நடத்தையை ஆராய்கிற ஒரு பேராசிரியரைக் கூட வைத்துக்கொண்டார்கள், ஒத்துழைப்பு எப்படிப் பிறக்கிறது என்று யோசிக்க. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இசைக்காரர் மட்டும் இருந்து இப்படி ஒன்றைச் செய்திருக்க ஏலாது.

நானும் மகளும் குளிர் முற்றாக விடாத ஒரு நாள் ஜாக்கெட்டோடு போய் இருந்தோம். பக்கத்து ஊஞ்சலில் யாரோ ஒரு வயசான மனுசி. ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னுக்குப் போகிறோம், ஒரே நேரத்தில் பின்னுக்கு வருகிறோம். நான் பௌதிகம் படிப்பிக்கிற ஆள், அதனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஊசலின் காலம் கயிற்றின் நீளத்தில்தான் தங்கி இருக்கிறது, எடையில் இல்லை. இரண்டேகால் மீட்டர் கயிறு என்றால் ஒரு தரம் போய்வர ஏறக்குறைய 3 செக்கன், அதில் நான் இருந்தாலும் சரி என் ஏழு வயது மகள் இருந்தாலும் சரி. அப்படியென்றால் எல்லா ஊஞ்சலும் ஒரே நீளத்தில் இருந்தால் தாளம் ஏற்கெனவே கயிற்றுக்குள்ளேயே இருக்கிறது! ஒருவரும் தாளம் படிக்கத் தேவையில்லை, தாளம் பிடிக்க முடியாத ஆள் என்றே ஒருவர் இல்லாமல் போகிறார்.

இன்னொன்று. ஊஞ்சலைக் கண்டால் எப்படி ஆடுவது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் செம்புத் தகட்டைக் கண்டால் அந்தப் பெரியவருக்கு என்ன தோன்றியிருக்கும்? கரண்ட் அடிக்குமோ என்றுதான் முதலில் நினைத்திருப்பார். அவர் கை ஏற்கெனவே அறிந்த ஒரு வேலையைக் கொடுங்கள். இழுக்கிறது, ஆட்டுகிறது, இடிக்கிறது, ஏதோ ஒன்று.

வீசுகோல் (நாகர்கோவில்) எழுதியது:

எல்லாரும் பார்சிலோனா, மொன்றியல் என்று போய்விட்டீர்கள், எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். புலவர் வீசுகோலால் நாணில் அடிக்கிறார், மணி குலுங்குகிறது. அதே கட்டில் இன்னொருத்தர் குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் அடிக்கிறார். வில் தனி வாத்தியமா, குடம் தனி வாத்தியமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், ஒரே உடம்பில் இரண்டு ஆள் கை என்றுதான் படும். பக்கத்தில் உடுக்கு, ஜால்ரா, கட்டை.

நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. "ஆமா" போடுகிறவரைப் பற்றி. புலவர் ஒரு அடி பாடி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். அந்த இடத்தில் "ஆமா" விழாவிட்டால் கதை நகராது. அதற்கு ராகஞானம் தேவையில்லை, இடம் தெரிந்தால் போதும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற கிழவி முதல் பையன் வரை மனசுக்குள் "ஆமா" போட்டுக்கொண்டே இருப்பார்கள், பாதி ராத்திரிக்கு மேல் சத்தமாகவே போடுவார்கள்.

நாதஸ்வரத்தில் ஒத்து என்று ஒன்று இருந்ததே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஆதார சுருதியை மட்டும் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பது. சிஷ்யப் பிள்ளைகள் பலர் அதை ஊதித்தான் மேளத்துக்குள் நுழைந்தார்கள். இப்போது சுருதிப்பெட்டி வந்து அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. "ஒத்து ஊதுறான்" என்று கேலி பேசுகிறோம், ஆனால் ஒத்து ஊத ஒரு இடம் இருந்ததால்தான் ஒன்றும் தெரியாத பிள்ளை முதல் நாளே கச்சேரிக்குள் இருந்தான். உங்கள் வாத்தியத்தில் ஒத்துக்காரனுக்கும் "ஆமா"க்காரனுக்கும் இடம் எங்கே? பன்னிரண்டு தகடும் வித்வானுக்கான தகடுதானே.

கோலாட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். பாதி அடி உன் குச்சியில் நீயே அடிப்பது, மீதி அடி எதிராளி குச்சியில்தான் விழ வேண்டும். எதிரே ஆள் இல்லாவிட்டால் குச்சி காற்றில்தான் போகும். சிப்பும் இல்லை, புரோகிராமும் இல்லை.

மூன்றாம் காலம் (புதுச்சேரி) எழுதியது:

கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசிவிட்டுப் போகிறேன். சேர்ந்து வாசிப்பது என்றாலே புனிதம் என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆளுக்கு ஒரு சுரம் என்று பிரித்துக்கொடுப்பது இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. இந்தோனேசியாவின் அங்க்லுங் அப்படித்தான். மூங்கில் குழாய்களை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு ஆட்டுவது, ஒரு அங்க்லுங்குக்கு ஒரு சுரம், பாட்டு வர வேண்டுமென்றால் கூட்டம் வேண்டும். டாயெங் சூட்டிக்னா என்ற ஆசிரியர் 1938இல் அதை மேற்கத்திய சுரவரிசைக்கு மாற்றியமைத்ததும் பள்ளிக்கூடங்களில் பரவிவிட்டது, யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பாண்டுங் நகரில் சவுங் அங்க்லுங் உஜோ என்ற இடத்தில் பார்க்க வருகிறவர்கள் கையிலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள், முன்னால் நிற்பவர் கைச்சைகை காட்டக் காட்டச் சில நிமிடத்தில் கூட்டமே ஒரு பாட்டை வாசித்துவிடும். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் இதே யோசனைதான் ரஷ்யாவிலும் நடந்தது. 1751 வாக்கில் பொஹீமியாவிலிருந்து வந்த மாரெஷ் என்ற இசைக்காரர் அங்கே ஒரு கொம்பு வாத்தியக் குழுவை ஏற்படுத்தினார். ஒரு கொம்பில் ஒரே சுரம், ஒரு ஆளுக்கு அநேகமாக அந்த ஒரு கொம்பு. ஊதியவர்கள் பெரும்பாலும் பிரபுக்களின் பண்ணையடிமைகள். தன் சுரம் வரும்வரை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும், வந்ததும் ஒரு தடவை ஊத வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். கேட்பவர்களுக்குப் பிரமிப்பாக இருந்திருக்கும். ஊதியவன் என்ன ஆனான்? பியானோவில் ஒரு கட்டை ஆனான். நாலு பேர் சேர்ந்தார்கள் என்பதாலேயே அது கூட்டுவாசிப்பு ஆகிவிடாது. எப்போது வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் வாசிக்கிறவனுக்கு ஏதாவது சொல் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் பாலித்தீவு கமெலான், உலோக வாத்தியங்களைத் தட்டி வாசிக்கிற குழு. கொத்தேகான் என்று ஒரு முறை, இரண்டு பேர் பின்னிப் பின்னி அடிப்பது. ஒருவர் பகுதிக்குப் போலோஸ் என்றும் மற்றவர் பகுதிக்குச் சங்சிஹ் என்றும் பெயர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் விழுவார், இரண்டும் சேர்ந்தால் ஒற்றை ஆள் கையால் அடிக்கவே முடியாத வேகத்தில் ஒரே கோடாகக் கேட்கும். ஆனால் தனித்தனியாகக் கேட்டாலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நடை இருக்கிறது, வெறும் ஒற்றைச் சுரம் இல்லை. அதைவிட ஒரு தந்திரம், ஜோடி வாத்தியங்களை வேண்டுமென்றே துளி சுருதி விலக்கிச் செய்வார்கள். இரண்டையும் ஒன்றாக அடித்தால் சத்தம் அலை அலையாகத் துடிக்கும், அந்த அலைக்கு ஓம்பாக் என்று பெயர். ஒன்றை மட்டும் அடித்தால் அலை கிடையாது. இதைவிட நேராக "இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஒரு உலோகத் துண்டு எப்படிச் சொல்லும்?

ஜாவா கமெலானில் பெரிய காங் என்று ஒன்று உண்டு, சுற்று முடியும் இடத்தில் மட்டும் ஒரு அடி. நம்ம ஊர் சேகண்டி மாதிரி. வீசுகோல் சொன்ன "ஆமா"வின் அண்ணன் அது. உங்கள் பெரியவருக்கு அதைக் கொடுங்கள். கீபோர்டு பையனைத் துரத்திவிடாதீர்கள், கஷ்டமான பின்னலை அவன் தலையில் கட்டுங்கள். தெரிந்தவனுக்குச் சலிக்காத இடமும் தெரியாதவனுக்கு வெட்கப்படாத இடமும் ஒரே வாத்தியத்தில் இருந்தால்தான் நடக்கும்.

செம்புத்தகடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புளூடூத் விஷயத்தைப் படித்துவிட்டு ராத்திரியே ஸ்பீக்கரைக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன், சத்தம் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை. ஆனாலும் இந்தத் தடவை சிப்பே வேண்டாம் என்று முடிவு. வியர்த்த கைபட்டால் தகடு தானாகக் கத்துவதையும் பார்த்தாயிற்று.

திட்டம்: பழைய மின்கேபிள் மர டிரம் ஒன்று ஓசியில் கிடைக்கிறது, படுக்கப்போட்டால் வட்ட மேசை. அதன்மேல் நாலு பக்கமும் அலுமினியப் பட்டைகள். பட்டறையில் 6 மில்லிமீட்டர் பட்டை கிடக்கிறது. நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? பாதி நீளம் வெட்டினால் மேல் ஸட்ஜம்தானே?

இழைப்புளி (காரைக்குடி) எழுதியது:

இல்லை சார், அங்கேதான் எல்லோரும் ஒரு பட்டையை வீணாக்குகிறார்கள். நானும் வீணாக்கினேன். அது கம்பிக்கு உள்ள கணக்கு. பட்டையில் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும், பாதி வெட்டினால் நாலு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி மேலே ஏறிவிடும். மேல் ஸட்ஜத்துக்கு 0.707 பங்கு நீளம். ஸட்ஜத்துக்கு 40 சென்டிமீட்டர் வைத்தீர்களானால் மோகனத்துக்கு ரி 37.7, க 35.8, ப 32.7, த 31, மேல் ஸ 28.3. 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அந்த 40 சென்டிமீட்டர் பட்டை சுமார் 195 ஹெர்ட்ஸ் வரும், ஐந்து கட்டை சுருதிக்குக் கிட்டே, கீழ் ஸ்தாயியில். அகலம் உங்கள் இஷ்டம், சுருதி மாறாது.

ஒவ்வொன்றையும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள். முனையில் அரம் போட்டால் சுருதி ஏறும், அடியில் நடுவில் தேய்த்தால் இறங்கும். நிறைய ஏற்றிவிட்டோமே என்று பதறாமல் நடுவில் தேய்த்துச் சரிசெய்யலாம்.

எங்கே தாங்குவது என்பதுதான் உயிர். முனையிலிருந்து 22.4 சதவீத தூரத்தில், 40 சென்டிமீட்டர் பட்டைக்கு இரண்டு பக்கமும் 9 சென்டிமீட்டர் உள்ளே. அந்த இரண்டு இடமும் அதிராது, வேறெங்கே தாங்கினாலும் சத்தம் செத்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் பட்டையைப் பஞ்சின்மேல் வைத்து, உப்பைத் தூவி, நடுவில் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பெல்லாம் ஓடிப்போய் இரண்டு கோடாக நிற்கும், அங்கேதான் ஓட்டை போட வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

திறந்த திண்ணையில் கீழ் ஸ்தாயி சன்னமாகக் கேட்கும். பட்டைக்கு நேர்கீழே ஒரு முனை அடைத்த பிவிசி குழாயை நிறுத்துங்கள். 195க்கு 45 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், மற்றவற்றுக்கு அதிர்வெண் ஏறுகிற விகிதத்தில் குழாயைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், மேல் ஸவுக்குப் பாதி. குச்சி முனைக்குப் பத்து ரூபாய் துள்ளுப்பந்தைத் துளைபோட்டுச் செருகினால் போதும்.

மூன்றாம் காலம் சொன்ன அலை வேண்டுமென்றால் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒரே சுரத்துக்கு இரண்டு பட்டை வைத்து, ஒன்றை மட்டும் அரத்தால் நாலு இழுப்பு கூடுதலாக இழுங்கள். செலவே இல்லை.

செம்புத்தகடு எழுதியது (ஆறு வாரம் கழித்து):

வைத்து இரண்டு வாரம் ஆகிறது, சொல்லிவிடுகிறேன்.

டிரம்மின் நாலு பக்கமும் பக்கத்துக்கு மூன்று பட்டை. ஒரு பக்கத்தில் ஸ ரி ப, எதிர்ப்பக்கம் ஸ க த, இப்படிக் கலைத்து வைத்தேன், எந்தப் பக்கத்திலும் ஐந்தும் முழுசாகக் கிடையாது. இரண்டு ஸட்ஜம் மட்டும் எதிரெதிராக, அரத்தால் துளி விலக்கி. ஒருவர் அடித்தால் டங். இருவரும் அடித்தால் சத்தம் நெளிகிறது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் முழுக்க வேறெதையும் வாசிக்கவில்லை, இரண்டு ஸட்ஜத்தையும் மாறி மாறி ஜோடி சேர்ந்து அடித்து, பட்டைமேல் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

மேசைக்கு மேலே உத்தரத்தில் ஒரு சேகண்டி. அதன் கயிற்றைக் கப்பியில் ஓட்டி, பேப்பர் படிக்கும் பெஞ்சுக்குப் பக்கத்துத் தூணில் தொங்கவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் அந்தப் பெரியவர் கயிற்றைப் பார்க்கவே இல்லை. ஐந்தாவது நாள் பிள்ளைகள் ஏதோ ஒரு நடையைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தபோது, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இடது கையால் ஒரு இழுப்பு. பிள்ளைகள் மேலே பார்த்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், அவர் பக்கத்தைப் புரட்டினார். இப்போது எட்டு எண்ணிவிட்டு அவருக்காக நிறுத்துகிறார்கள். சில நாள் வேண்டுமென்றே தாமதம் செய்கிறார், மனுஷன் குறும்பு.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கீபோர்டு பையன் இரண்டு நாள் வந்தான், "இதுல பாட்டு வாசிக்க முடியாதா" என்று கேட்டுவிட்டுப் போனவன் அப்புறம் வரவில்லை. மூன்றாம் காலம் சொன்ன பின்னலை அவனுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை, யாராவது சுலபமான கொத்தேகான் ஒன்றை ஸ்வரமாக எழுதிக் கொடுத்தால் அவனைத் தேடிப்போய்க் கூப்பிடுவேன். நூலகர் அம்மா மதியம் இரண்டு மணி நேரம் படிக்கிறவர்களுக்காகச் சாக்குப்பை போட்டு மூடுகிறார், அது நியாயம்தான்.

பெரிய பிரச்சினை குச்சி. எட்டில் மூன்றைக் காணவில்லை. சணல் கயிறு கட்டினேன், அறுத்துவிட்டார்கள்.

இழைப்புளி எழுதியது:

சைக்கிள் பிரேக் கம்பி போடுங்கள் சார், உறையோடு. நீளம் மட்டும் பக்கத்து ஆள் பட்டையை எட்டுகிற அளவு விடுங்கள்.

மூன்றாம் காலம் எழுதியது:

பையனுக்கு எட்டு அட்சரத்தில் ஒன்று எழுதி அனுப்புகிறேன், ஞாயிறு வரை பொறுங்கள். அவனுக்கு எதிரே நிற்க அந்த ஓரத்துத் தகட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிடுங்கள்.